பாட்டுப் பிறந்த கதை: பிரசங்கத்தில் கேட்டதை அப்படியே சொல்லலாமா?

பரந்தன் சந்தி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் நான்கு ஞாயிறும் எங்கள் ஆலய வாலிபர் கூட்டத்தில் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். வேதபாடம் என்று தொடங்கினால் பத்தாவது நிமிடத்தில் பெடியள் போனை எடுத்துவிடுவார்கள். அதனால் வாரத்துக்கு ஒரு பாட்டும் அதை எழுதியவரின் வாழ்க்கையும் என்று யோசித்தேன். முதலில் ‘என் ஆத்துமாவுக்கு நலமே’ (It Is Well with My Soul) எழுதிய ஸ்பாஃபர்ட், பிறகு ஃபானி குரோஸ்பி, மூன்றாவது ‘பாவ சஞ்சலத்தை நீக்க’ பாட்டை ஆங்கிலத்தில் எழுதிய ஜோசப் ஸ்கிரிவன், கடைசியாக நம்முடைய தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார்.

சிக்கல் என்னவென்றால் ஒரே கதையை மூன்று பேரிடம் கேட்டால் மூன்று விதமாக வருகிறது. ஸ்பாஃபர்ட் கப்பலில் அழுதுகொண்டே எழுதினார் என்கிறார் ஒருவர். வீட்டில் எழுதினார் என்கிறார் இன்னொருவர். முழங்காலில் நின்று எழுதினார் என்றுகூட ஒரு வீடியோவில் கேட்டேன்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்றும் சொல்லிவிடுகிறேன். 2009 இல் நாங்கள் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டு தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு என்று போனோம். ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் சாமான் நின்றுவிடும். அம்மம்மாவின் பாட்டுப் புத்தகம் உடையார்கட்டில் ட்ரங்குப் பெட்டியோடு நின்றுவிட்டது. பிறகு செட்டிகுளம் முகாமில், தறப்பாளுக்குள் இருந்துகொண்டு, அவர் நினைவில் இருந்து சொல்லச் சொல்ல நான் ஒரு அப்பியாசக் கொப்பியில் எழுதினேன். நாற்பத்து மூன்று பாட்டு. எங்கள் ஊர் ஆலயம் திரும்பத் திறந்த முதல் ஆண்டு அந்தக் கொப்பியைப் பார்த்துத்தான் பாடினோம். இப்போது அதைத் தட்டச்சு செய்து போட்டோக் கொப்பி எடுக்க வேண்டும், அதற்கு முன்னுரையாகத்தான் இந்தத் தொடர். அதனால் கதை சரியாக இருக்க வேண்டும்.

தெரிந்தவர்கள் கைகொடுங்கள்.

பழைய ஓகன்காரன் எழுதியது:

தம்பி, ஸ்பாஃபர்டில் இருந்து தொடங்குவோம். அதில்தான் சோடனை அதிகம்.

ஹோரேஷியோ ஸ்பாஃபர்ட் சிகாகோவில் வழக்கறிஞர். 1871 இல் அந்த நகரம் எரிந்தபோது நிலத்தில் போட்டிருந்த காசு போய்விட்டது. 1873 நவம்பரில் மனைவி அன்னாவையும் நான்கு பெண் பிள்ளைகளையும் ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏற்றிவிட்டு, வேலை முடித்துப் பின்னால் வருவதாக அவர் நின்றார். 22 ஆம் தேதி அட்லாண்டிக் நடுவில் அந்தக் கப்பல், பெயர் வில் டு ஹாவ்ர், இன்னொரு கப்பலோடு மோதிப் பன்னிரண்டு நிமிடத்தில் தாழ்ந்தது. 226 பேர் செத்தார்கள். நான்கு பிள்ளைகளும் அதில். அன்னா மட்டும் மிதந்த பலகையில் மயங்கிக் கிடந்து பிழைத்தார். கரை சேர்ந்து கணவனுக்கு அடித்த தந்தி ‘தனியே காப்பாற்றப்பட்டேன்’ என்று தொடங்கியது. இவ்வளவும் உண்மை. இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

பாட்டு எப்போது வந்தது என்பதில்தான் இழுபறி. மனைவியைக் கூட்டிவரக் கப்பலில் போனபோது, மாலுமி அந்த இடத்தைக் காட்ட, அங்கேயே எழுதினார் என்பது குடும்பத்தார் சொன்ன கதை. ஆனால் அவர்களோடு நெருங்கிப் பழகிய பாடகர் ஐரா சாங்கி வேறு கணக்குச் சொல்கிறார். 1876 இல் தான் சிகாகோவில் ஸ்பாஃபர்ட் வீட்டில் பல கிழமை தங்கியிருந்தாராம், அந்த நாட்களில்தான் பிள்ளைகளின் நினைவாக அந்தப் பாட்டை எழுதினாராம். அச்சில் வந்ததும் 1876 இல்தான். கப்பலில் இருந்து அவர் உறவினருக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. அந்த இடத்தைக் கடந்தோம், ஆனால் பிள்ளைகளை நான் அங்கே நினைக்கவில்லை என்ற கருத்தில் எழுதியிருக்கிறார். எண்ணம் கப்பலில் முளைத்தது, பாட்டு வீட்டில் விளைந்தது என்று நான் வைத்துக்கொள்கிறேன்.

மெட்டுப் போட்டவர் ஃபிலிப் பிளிஸ். மெட்டுக்கு அந்தக் கப்பலின் பெயரையே வைத்தார். அதே 1876 டிசம்பர் 29 ஆம் தேதி ஒஹாயோவில் அஷ்டபியூலா பாலம் உடைந்து ரயில் விழுந்து எரிந்ததில் அவரும் மனைவியும் போய்விட்டார்கள்.

பிரசங்கங்கள் இந்த இடத்தில் நின்றுவிடும். ஸ்பாஃபர்டின் வாழ்க்கை நிற்கவில்லை. 1880 இல் ஒரு மகன் காய்ச்சலில் இறந்தான். ஊர்ச் சபையோடு பிணக்கு வந்தது. கடன்களை விட்டுவிட்டு 1881 இல் சிறு கூட்டத்தோடு எருசலேமுக்குப் போய் ஒரு கூட்டுக் குடும்பம் போல வாழ்ந்தார்கள். உபதேசத்திலும் பழைய வழியை விட்டு விலகிவிட்டார். 1888 இல் அங்கேயே இறந்தார். இதையும் பெடியளுக்குச் சொல்லுங்கள். பாட்டெழுதிய ஆள் அதற்குப் பிறகும் பன்னிரண்டு வருடம் சீவித்தாரே.

குளக்கட்டு எழுதியது:

கப்பலில் எழுதினால் என்ன, குசினியில் எழுதினால் என்ன? பாட்டு நல்லதா, பாடுவோம். கதை சொல்லிச் சொல்லிச் சனத்தை அழப் பண்ணுவது ஒரு தொழிலாகப் போய்விட்டது. எங்கள் சனத்துக்கு அழுவதற்கு அமெரிக்கக் கப்பல் தேவையில்லை.

பரந்தன் சந்தி எழுதியது:

அண்ணை, அதைத்தான் நானும் கேட்கிறேன். எங்கள் கூட்டத்தில் தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளை இருக்கிறது. ‘இவருக்கும் இப்படி நடந்தது, அன்றிரவே பாட்டு எழுதினார்’ என்று நான் சொன்னால், ‘எனக்கு மட்டும் ஏன் பாட்டு வரவில்லை’ என்று அந்தப் பிள்ளை யோசிக்கும். மூன்று வருடம் கழித்து எழுதினார் என்றால் கதை வேறு.

முல்லை ரீச்சர் எழுதியது:

பரந்தன் தம்பி சொன்னதைப் படித்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை.

துன்பத்தில்தான் நல்ல பாட்டுப் பிறக்கும் என்ற எண்ணத்தை முதலில் தள்ளி வையுங்கள். ஆனி ஹாக்ஸ் என்று ஒரு பெண். நியூயோர்க் புரூக்ளினில் மூன்று பிள்ளைகளின் தாய், சாதாரண குடும்பப் பெண். 1872 இல் ஒரு நாள் வீட்டு வேலை செய்துகொண்டிருக்கும்போது, எந்தக் கவலையும் இல்லாமல், மனம் நிறைந்திருந்த வேளையில் ‘ஒவ்வொரு மணி நேரமும் நீர் எனக்குத் தேவை’ என்ற பாட்டின் சொற்கள் வந்தன. அவருடைய சபைப் போதகர் ரொபேர்ட் லோரி மெட்டுப் போட்டார். பாட்டு உலகம் முழுக்கப் போனது. ஏன் இந்தச் சனம் இதற்கு இப்படி உருகுகிறது என்று எழுதியவருக்கே விளங்கவில்லையாம். 1888 இல் கணவர் இறந்தார். அதற்குப் பிறகுதான் தன் பாட்டின் பொருள் தனக்குப் பிடிபட்டது என்று அவரே சொல்லியிருக்கிறார். நல்ல காலத்தில் எழுதிவைத்தது கெட்ட காலத்தில் அவருக்கே உதவியிருக்கிறது. எங்கள் தாய்மார் சின்ன வயதில் ஞாயிறு பாடசாலையில் மனப்பாடம் செய்த பாட்டுகளும் அப்படித்தானே பங்கருக்குள் வந்தன. அவை பங்கருக்காக எழுதப்பட்ட பாட்டுகள் அல்ல.

இன்னொருவர் ஸ்கொட்லாந்துப் போதகர் ஜோர்ஜ் மாதெசன். பார்வை போய்விட்டதால் கட்ட இருந்த பெண் கைவிட்டுவிட்டாள், அந்த வேதனையில் ‘என்னை விடாத அன்பே’ என்று எழுதினார் என்பார்கள். அவர் எழுதிவைத்தது வேறு. 1882 யூன் 6, தங்கையின் கலியாண நாள், வீட்டில் தனியே இருந்தேன், எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று நடந்தது, ஐந்து நிமிடத்தில் பாட்டு வந்தது, அவ்வளவுதான். எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று என்று ஒரு மனிதர் கதவைச் சாத்துகிறார். நாம் யன்னலால் ஏறிக் குதித்து உள்ளே ஒரு காதலியை வைத்துவிட்டு வருகிறோம்.

நான்கு வாரத்தில் ஒரு வாரம் மிச்சம் இருந்தால் மார்ட்டின் ரிங்கார்ட்டை எடுங்கள். இவர் மிகப் பழையவர், ஜெர்மனியில் ஐலன்பூர்க் என்ற மதில் சூழ்ந்த ஊரின் லூத்தரன் போதகர். முப்பதாண்டுப் போர் நடந்த காலம். சுற்று ஊர்ச் சனமெல்லாம் அந்தச் சின்ன ஊருக்குள் அடைந்துவிட்டது. 1637 இல் கொள்ளைநோய். மற்றப் போதகர்கள் இறந்தும் போயும்விட, இவர் ஒருவராக அந்த ஆண்டு நாலாயிரத்துக்கு மேற்பட்டவர்களை அடக்கம் செய்தார். அவர்களில் ஒருவர் சொந்த மனைவி. பிறகு பஞ்சம். இவர் எழுதியதுதான் ‘எல்லோரும் இப்போது தேவனுக்கு நன்றி சொல்வோம்’ என்ற பாட்டு. இதையும் பிணக்குவியலுக்கு நடுவில் எழுதினார் என்று சொல்வார்கள். கொள்ளைநோய்க்கு முன்னமே, பிள்ளைகள் சாப்பாட்டு மேசையில் பாட எழுதியது என்பதுதான் பொருத்தமாகத் தெரிகிறது. அப்படியென்றால் அந்த ஆண்டுக்குப் பிறகும் அதே மேசையில் அதே பாட்டை, தாய் இல்லாமல், அவர்கள் பாடியிருப்பார்கள். எனக்கு அதை நினைக்கத்தான் தொண்டை அடைக்கிறது.

மடு வழி எழுதியது:

நான் கத்தோலிக்கன், ஓரமாக நின்று வாசிக்கிறேன். எங்கள் பக்கம் மாதாவுக்குப் பாட்டு, உங்கள் பக்கம் ஆளுக்கொரு கதை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். முகாமில் எங்கள் செபமாலை முடிந்த பிறகு பக்கத்துத் தறப்பாளில் இருந்து ‘பாவ சஞ்சலத்தை நீக்க’ வரும். இரண்டாம் கிழமைக்குள் எங்கள் ஆட்களுக்கும் அது பாடம். யார் எழுதியது என்று இன்றுதான் கேள்விப்படுகிறேன். ஸ்கிரிவனைப் பற்றி விவரம் சொல்லுங்கோ.

பழைய ஓகன்காரன் எழுதியது:

சொல்கிறேன். எனக்குப் பிடித்த ஆள் அவர்தான்.

ஜோசப் ஸ்கிரிவன் 1819 இல் அயர்லாந்தில் டவுன் மாவட்டத்தில் பிறந்தவர். டப்ளினில் படித்துப் பட்டம் பெற்றவர், வசதியான வீடு. கலியாணத்துக்கு முதல் நாள் மணப்பெண் நீரில் மூழ்கி இறந்தாள். கொஞ்சக் காலத்தில் ஊரைவிட்டே கனடாவுக்குப் போய்விட்டார். ஒன்டாரியோவில் போர்ட் ஹோப், ரைஸ் ஏரி என்று அந்தப் பக்கம் ஆசிரியராக இருந்தார். அங்கே எலைசா ரோச் என்ற பெண்ணை மணக்க இருந்தார். அவளும் நோய்ப்பட்டு 1860 இல் இறந்தாள்.

பாட்டு அந்த இரண்டாவது சாவுக்கு முன்னம், 1855 அளவில் எழுதியது. அயர்லாந்தில் தாய்க்குச் சுகமில்லை, போக முடியவில்லை, அதனால் ஒரு கவிதை எழுதி அனுப்பினார். அச்சிட அல்ல. தாய்க்கு ஒரு கடிதம், அவ்வளவுதான். வெளிநாட்டில் பிள்ளையை வைத்திருக்கிற எங்கள் வீடுகளுக்கு இதைவிட விளக்கம் தேவையா?

பாட்டுப் பேரில்லாமல் சுற்றியது. பெரிய ஞானப்பாட்டாசிரியர் போனர் எழுதியதென்றுகூடக் கொஞ்சக் காலம் நினைத்திருந்தார்கள். 1868 இல் சார்ள்ஸ் கொன்வெர்ஸ் மெட்டுப் போட்டார், சாங்கியின் தொகுப்பால் பரவியது. ஸ்கிரிவன் நோய்ப்பட்டுக் கிடந்தபோது பக்கத்துவீட்டார் அந்தக் கையெழுத்தைக் கண்டு, நீர்தானா எழுதியது என்று கேட்க, ‘கர்த்தரும் நானுமாகச் சேர்ந்து செய்தோம்’ என்றாராம்.

மனிதர் கையில் வாளோடு தெருவில் திரிவார். அது விறகு அரியும் வாள். யாரோ அவரைக் கூலிக்குப் பிடிக்கப் பார்க்க, காசு கொடுக்க வழியில்லாத விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் மட்டும்தான் அவர் அரிவார் என்று மற்றவர் சொன்னதாக ஒரு கதை உண்டு. இருந்த உடுப்பையும் கொடுத்துவிடுவார். கடைசிக் காலத்தில் மனம் மிகவும் சோர்ந்திருந்தது. 1886 ஆகஸ்டில் ஒரு இரவு படுக்கையில் ஆளில்லை. பிறகு நீரில் உடலாகக் கண்டெடுத்தார்கள். எப்படி விழுந்தார் என்பதை யாரும் பார்க்கவில்லை. வாலிபர் கூட்டத்தில் அதைச் சொல்வதா விடுவதா என்பது உங்கள் முடிவு. நான் என்றால் சொல்வேன். துக்கத்தைப் பற்றி அப்படி ஒரு பாட்டு எழுதியவருக்கும் துக்கம் தீரவில்லை.

இன்னும் ஒன்று. இந்தக் கதைகளில் பாதி சாங்கியின் நினைவுக் குறிப்பில் இருந்து வந்தவை. அவர் எழுதிவைத்த கையெழுத்துப் பிரதி 1902 இல் அமெரிக்காவில் பேட்டில் கிரீக் என்ற ஊர் மருத்துவ விடுதி எரிந்தபோது சாம்பலாகிவிட்டது. அடுத்த ஆண்டு கண் பார்வையும் போய்விட்டது. பிறகு நினைவில் இருந்து முழுவதையும் திரும்பச் சொல்லித்தான் புத்தகம் வந்தது. ஆகவே அங்கொன்று இங்கொன்று மாறியிருந்தால் கிழவனோடு கோபிக்க வேண்டாம். பரந்தன் தம்பி, உங்கள் வீட்டுக் கொப்பிக் கதையை வாசித்ததும் எனக்கு அவர்தான் நினைவுக்கு வந்தார்.

பனங்கிழங்கு எழுதியது:

ஃபானி குரோஸ்பியை நான் எடுக்கிறேன், சுருக்கமாக.

1820 இல் பிறப்பு. ஆறு கிழமைக் குழந்தையாக இருக்கும்போது கண்ணில் நோய், பார்வை போய்விட்டது. தவறான வைத்தியம்தான் காரணம் என்று குடும்பம் கடைசிவரை நம்பியது. நியூயோர்க் பார்வையற்றோர் பள்ளியில் படித்து அங்கேயே படிப்பித்தார். 1858 இல் கலியாணம், மாப்பிள்ளையும் பார்வையற்ற இசைக்கலைஞர். பிறந்த ஒரு குழந்தையும் தங்கவில்லை. எட்டாயிரத்துக்கு மேல் பாட்டு எழுதினார் என்பது சரி. ஒரே தொகுப்பில் ஒரே பேர் திரும்பத் திரும்ப வந்தால் நன்றாயிராது என்று பதிப்பாளர் இருநூறு அளவு புனைபெயரில் போட்டார்கள். பாட்டுக்குக் கூலி ஒரு டொலர் அல்லது இரண்டு. மெட்டுப் போட்டவருக்கும் பதிப்பித்தவருக்கும் கையில் காசு சேர்ந்தது. அம்மையார் மன்ஹாட்டனின் ஏழைக் குடியிருப்புகளில் வாடகைக்கு இருந்துகொண்டு, குடிகாரர்களுக்கு நடத்தும் ஊழியங்களுக்குப் போய்வந்தார். 1915 இல் இறந்தபோது வயது தொண்ணூற்று நாலு.

‘இயேசுவின் கரங்களில் பத்திரமாக’ என்ற பாட்டு 1868 இல், டோன் என்பவர் ரயிலுக்கு நேரமாகிறது என்று மெட்டை வாசித்துக்காட்ட, அரை மணி நேரத்துக்குள் சொல்லி முடித்தது. எட்டாயிரத்தில் பெரும்பாலானவை இப்படிச் சுட்ட சூட்டில் வந்தவை, நிறைய ஒரே மாவில் சுட்ட தோசைதான். பத்துப் பதினைந்து நிற்கிறது. அது போதாதா?

குளக்கட்டு எழுதியது:

சரி, எல்லோரும் வெள்ளைக்காரர் கதையை உரித்துப் பார்க்கிறீர்கள். சாஸ்திரியாரிடம் வரும்போது மட்டும் மாலை போட்டு நிறுத்திவிடாதீர்கள்.

தஞ்சாவூரில் 1820களில் புதிதாக வந்த மிஷனரிமார், ஆலயத்துக்குள் சாதிப்படி பிரிந்து உட்காருவதும் திருவிருந்தைத் தனித்தனியே எடுப்பதும் கூடாது என்றார்கள். எதிர்த்து நின்ற வேளாளக் கிறிஸ்தவர்களின் முன்வரிசையில் நின்றவர் வேதநாயகம் சாஸ்திரியார். மனு எழுதினார், சாதி வழக்கத்துக்குச் சார்பாக நூலே எழுதினார். வன்னிக்குக் குடியேற வந்த சனத்தில் ஒரு பகுதி எதை விட்டுவிட்டு வந்தது என்று இங்கே பலருக்குத் தெரியும். என்னுடைய அப்பு ஒரு ஊர் ஆலயத்தில் பின்வாங்கிலில்தான் இருக்க வேண்டும் என்று சொல்லப்பட்டவர். எந்த ஊர் என்று எழுத விரும்பவில்லை. அவருடைய வாயிலும் சாஸ்திரியாரின் கீர்த்தனைதான் இருந்தது. அந்த முரணைச் சொல்லாமல் நாலாவது ஞாயிறை முடிக்க வேண்டாம்.

பழைய ஓகன்காரன் எழுதியது:

மறுக்கவில்லை. ஆனால் முழுவதையும் சொல்ல வேண்டும். அந்தப் பிணக்கில் சாதி மட்டும் இருக்கவில்லை. பழைய வேத மொழிபெயர்ப்பை மாற்றக் கூடாது, எங்கள் பாட்டையும் இசையையும் தொடக் கூடாது என்பதும் அதே மனுக்களில் இருந்தது. ஒரே கையால் ஒரு நல்லதையும் ஒரு கெட்டதையும் பிடித்துக்கொண்டிருந்தார்.

1774 இல் திருநெல்வேலியில் பிறந்து, சிறுவனாக ஜெர்மன் மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயரோடு தஞ்சாவூர் போனவர். சரபோஜி மன்னரும் அதே ஐயரின் வளர்ப்பு. 1800 இல் எழுதிய பெத்லகேம் குறவஞ்சியை எடுத்துப் பாருங்கள். உலா வரும் தலைவனாகக் கிறிஸ்து, அவரைக் கண்டு மயங்கும் தலைவி தேவமோகினி, குறி சொல்லக் குறத்தி, கண்ணி வைக்கச் சிங்கன். முள்ளியவளையில் கோவலன் கூத்துப் பார்த்து வளர்ந்த ஒருவருக்கு இது அந்நியமாகவே இருக்காது. ‘சீர் இயேசு நாதனுக்கு ஜெய மங்களம்’ இல்லாமல் எங்கள் பக்கம் கலியாணம் முடிகிறதா? 1864 வரை தொண்ணூறு வயதை எட்டிப்பிடிக்க வாழ்ந்தார். 1853 இல் மதுரை அமெரிக்க மிஷன் எட்வர்ட் வெப் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்ட பிறகு அவை எல்லாச் சபைகளுக்கும் போயின.

குளக்கட்டு எழுதியது:

குறவஞ்சி நன்றாகத்தான் இருக்கும். பின்வாங்கிலில் இருந்து பார்த்தாலும் நன்றாகத்தான் இருக்கும்.

முல்லை ரீச்சர் எழுதியது:

குளக்கட்டு அண்ணை, கோபம் நியாயம். ஜோன் நியூட்டன் பக்கத்திலும் இதே முள் இருக்கிறது. ‘விசுவாசியின் காதில்பட’ அவர் எழுதியது. 1748 இல் புயலில் மனம் திரும்பினார், உடனே அடிமைக் கப்பலை விட்டார் என்று சொல்வார்கள். இல்லை. அதற்குப் பிறகும் அடிமைக் கப்பல்களுக்குத் தலைவனாகப் போனார், 1754 வரை. கடல் வேலையை விட்டதும் உடல் சுகமில்லாமல்தான். அந்த வியாபாரத்துக்கு எதிராக அச்சில் எழுதியது 1788 இல். நாற்பது வருடம் எடுத்திருக்கிறது. வித்தியாசம் என்னவென்றால், அவர் கடைசியில் வெட்கப்பட்டேன் என்று எழுதிவைத்தார்.

நெறியாளர்:

இழை நன்றாகப் போகிறது. யாருடைய ஊர் ஆலயம், எந்தக் குடும்பம் என்று தோண்ட வேண்டாம். இரண்டு பதிவுகளை எடுத்திருக்கிறேன்.

உடுவில் பழைய மாணவி எழுதியது:

இப்போது இருப்பது வவுனியாவில், படித்தது உடுவிலில். எல்லோரும் அமெரிக்காவுக்கும் தஞ்சாவூருக்கும் போய்வந்துவிட்டீர்கள், நடுவில் யாழ்ப்பாணத்தைக் காணவில்லையே.

லீவை ஸ்போல்டிங் என்ற அமெரிக்க மிஷனரி 1820 இல் யாழ்ப்பாணம் வந்து, 1873 இல் அங்கேயே கண்ணை மூடினார். அவரும் மனைவியும் உடுவில் பெண்கள் பள்ளியை நீண்ட காலம் நடத்தினார்கள். தமிழில் ஞானப்பாட்டுகளை எழுதினார், ஜோன் பனியன் ஆங்கிலத்தில் எழுதிய மோட்சப் பயணக் கதையைத் தமிழாக்கினார். அதே கதையைப் பிறகு பாளையங்கோட்டைப் பக்கத்து எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை காப்பியமாகப் பாடினார், இரட்சணிய யாத்திரிகம், 1894. வைணவக் குடும்பத்தில் பிறந்து கம்பனில் ஊறிய ஆள், 1858 இல் ஞானஸ்நானம் எடுத்தார். நாம் பாடும் ‘சத்தாய் நிஷ்களமாய்’ அவருடையது. அந்த முதல் அடியின் பொருளைக் கூட்டத்தில் யாரையாவது கேட்டுப் பாருங்கள்! நானே இருபது வயதுவரை ஏதோ ஊர்ப் பெயர் என்று நினைத்திருந்தேன்.

இவர்கள் எல்லோருக்கும் முன்னம் ஜெர்மன்காரர் ஃபாப்ரிசியஸ். 1740 இல் தரங்கம்பாடி வந்து, பிறகு சென்னையில் ஊழியம். வேதத்தையும் ஜெர்மன் ஞானப்பாட்டுகளையும் தமிழில் தந்தவர். சாஸ்திரியார் மாற்றக் கூடாது என்று நின்ற பழைய மொழிபெயர்ப்பு இவருடையதுதான். காசு விவகாரத்தில் மட்டும் பச்சைக் குழந்தை. கொடுத்தும் வாங்கியும் சிக்கி, முதுமையில் கடனுக்காகச் சிறையிலும் இருந்தார்.

அப்புறம் டி.ரி. நைல்ஸ். யாழ்ப்பாணத்து மெதடிஸ்த போதகர், 1908 முதல் 1970 வரை. 1948 இல் ஆம்ஸ்டர்டாமில் உலகத் திருச்சபை மாமன்றம் தொடங்கியபோது முதல் பிரசங்கம் அவருடையது. 1963 இல் கிழக்காசிய சபைகளுக்கென்று ஒரு பாட்டுப் புத்தகம் தொகுத்தார், ஆசிய மெட்டுகளுக்குத் தானே பல பாட்டுகளை ஆங்கிலத்தில் எழுதினார். எங்கள் ஆள் எழுதிய பாட்டை யப்பானில் பாடியிருக்கிறார்கள், எங்கள் பெடியளுக்கு அவர் பெயர் தெரியாது. குரோஸ்பியைத் தூக்கிவிட்டு இவரைப் போடுங்கள் தம்பி.

பனங்கிழங்கு எழுதியது:

குரோஸ்பியைத் தூக்க விடமாட்டேன். கண் தெரியாத பிள்ளை ஒன்று அந்தக் கூட்டத்தில் இருந்தால்?

பரந்தன் சந்தி எழுதியது:

இருக்கிறது. ஒரு கண். செல் துண்டு. குரோஸ்பி நிற்கட்டும்.

நான்கை ஆறாக்கக் கேட்டுவிட்டேன், சம்மதித்துவிட்டார்கள். ஆனி ஹாக்ஸ் முதல் வாரம், ஸ்பாஃபர்ட் இரண்டாவது, அதுவும் எருசலேம் வரை. நைல்ஸுக்கும் ஸ்போல்டிங்குக்கும் சேர்த்து ஒரு வாரம். சாஸ்திரியார் அன்று குளக்கட்டு அண்ணையின் அப்புவையும் பேர் சொல்லாமல் சொல்வேன், அவர் சம்மதித்தால்.

நேற்றிரவு கொப்பியைத் தட்டச்சு செய்யத் தொடங்கினேன். ஆலயத்தில் இப்போது அச்சுப் புத்தகம் இருக்கிறது, பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்தேன். அம்மம்மா பெரும்பாலும் சரி. சில இடங்களில் வரிசை மாறியிருக்கிறது. ஆனால் ‘பாவ சஞ்சலத்தை’ பாட்டில் மூன்று சரணத்துக்குப் பிறகு நாலாவதாக ஒன்று என் சின்ன வயதுக் கையெழுத்தில் இருக்கிறது:

ஓடி ஓடிக் களைத்தாலும்
ஓரம் தந்து காப்பாரே,
வீடு வாசல் இழந்தாலும்
விட்டு நீங்க மாட்டாரே.

புத்தகத்தில் இது இல்லை. நாங்கள் பதினைந்து வருடமாக ஆலயத்தில் இதைப் பாடிக்கொண்டிருக்கிறோம். தட்டச்சில் வைப்பதா எடுப்பதா?

பழைய ஓகன்காரன் எழுதியது:

வாசித்துப் பார்த்தேன். அசை கச்சிதமாக உட்காருகிறது, எட்டு ஏழு எட்டு ஏழு. ஆனால் கொன்வெர்ஸின் மெட்டுக்கு ஒரு சரணத்துக்கு எட்டு அடி வேண்டும். இங்கே நாலுதான் இருக்கிறது. மீதி நாலு எங்கே? ஆலயத்தில் எப்படிப் பாடுகிறீர்கள்?

பரந்தன் சந்தி எழுதியது:

நாலையும் இரண்டு தரம் பாடுகிறோம். இதுவரை யாரும் கேட்டதில்லை.

குளக்கட்டு எழுதியது:

எடுக்க வேண்டாம். முதலில் கிழவியைக் கேளுங்கள்.

மடு வழி எழுதியது:

எங்கள் ஆட்களும் அந்த நாலு வரியைப் பாடுகிறார்கள்! அது ஸ்கிரிவன் எழுதியதென்றுதான் இந்த இழையை வாசிக்கும்வரை இருந்தேன். வீட்டில் மனைவியைக் கேட்டேன், ‘பின்ன, வேறு யார்’ என்கிறாள்.

பரந்தன் சந்தி எழுதியது:

இப்போதுதான் அம்மம்மாவிடம் போய்விட்டு வருகிறேன். காது கொஞ்சம் மந்தம், இரண்டு தரம் பாடிக் காட்ட வேண்டியிருந்தது. நீங்கள் கட்டியதா என்று கேட்டேன். எனக்கென்ன விசரா என்றார். புத்தகத்தில் இருந்ததுதானாம், உடையார்கட்டில் விட்ட புத்தகத்தில், இடப்பக்கம், கீழே. மீதி நாலு வரியும் இருந்ததாம், முகாமில் சொல்லும்போதே மறந்துபோச்சாம்.

‘நீ வடிவாய்ப் பார்’ என்கிறார்.